பொடிக்கு ஆறு யூனிட்

மார்ச் 3, செவ்வாய்

பேட்டரி அறையைக் கூட்டிப் பெருக்கவே மத்தியானம் ஆகிவிட்டது. பழைய ஐஸ் தொழிற்சாலையின் குளிர் அறை அது. கனமான சுவர், ஜன்னல் கிடையாது. உள்ளே நின்று கத்தினால் வெளியே கேட்காதாம். கத்திப் பார்த்தேன், உண்மைதான்.

ஓடி ஓய்ந்த பேட்டரி கார்களிலிருந்து கழற்றி வந்ததையெல்லாம் அடுக்கியாயிற்று. கூரை முழுக்க சோலார் தகடுகள். வெயில் ஒழுங்காக அடித்தால் மாலைக்குள் இருபத்துநாலு யூனிட் சேரும். அதை வைத்து ஆறு கலைஞர்கள் ஒரு மாலையை ஓட்ட வேண்டும். இருபதாம் தேதி தொடங்கி வெள்ளி, சனி, ஞாயிறு, மூன்று மாலை. கணினி ஓவியம், கருவி இசை, ஒளிக்காட்சி எல்லாம் இதில்தான். ஜெனரேட்டர் வளாகத்துக்குள் வரவே கூடாது என்பது இந்தக் கலைவிழாவின் முதல் விதி. இருபத்திரண்டு வருஷம் ஜெனரேட்டர் வண்டியோடு படப்பிடிப்பு படப்பிடிப்பாக அலைந்த என்னைப் பிடித்து இந்த வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் பல் செட் செய்கிறவர், சிரிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை.

விழாவை நடத்துகிறவரை எல்லோரும் மேடம் என்கிறார்கள். நானும். அவர் சொன்ன இரண்டாவது விதிதான் என் தலையில் விழுந்திருக்கிறது. ஒவ்வொருவருக்கும் இத்தனை யூனிட் என்று முன்கூட்டியே பங்கு. பங்கு தீர்ந்தால், பாட்டு பாதியில் இருந்தாலும் கரண்ட் தானாக நின்றுவிடும். மிச்சம் எவ்வளவு என்பது மேடைக்குப் பின்சுவரில் ஒரு வெளிச்சப் பட்டையாக ஓடும். குறையக் குறைய ஜனங்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

"இருக்கறது இவ்வளவுதான்னு கண்ணால பார்க்கணும்" என்றார். நல்ல யோசனைதான், பார்க்க வருகிறவர்களுக்கு. பங்கு பிரிக்கிறவள் நான்.

மார்ச் 6, வெள்ளி

சனிக்கிழமைப் பட்டியலில் பொடி இருக்கிறாள்.

என் தங்கை. முப்பத்துநாலு வயது, நான் இன்னும் பொடி என்றுதான் கூப்பிடுகிறேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விண்ணப்பம் போட்டு, தேர்வாகியும் இருக்கிறாள். நான் இங்கே இருப்பது அவளுக்கும் தெரியாதாம். போனில் சொன்னாள்.

ஆறு வருஷம் ஆயிற்று அவள் மேடை ஏறி. தூக்கிப்போட்ட பிரிண்டர், வாஷிங் மெஷின் மோட்டார், கம்ப்யூட்டர் விசிறி, இதெல்லாம் வைத்து வாசிப்பாள். குப்பையிலிருந்து இசை. கடைசியாக வாசித்தபோது அரங்கம் நிறைந்திருந்தது. நிறைத்தது நான். கூட வேலை செய்கிறவர்கள், வீட்டுக்காரரின் வாடிக்கையாளர்கள், அவர்களின் மாமியார்கள்வரை வண்டி வைத்து அழைத்து வந்தேன். எங்கே தட்ட வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்திருந்தேன். அவள் கண்டுபிடித்துவிட்டாள். கத்தவில்லை, சாமான்களைக் கட்டி உள்ளே வைத்துவிட்டாள். இனிமேல் உன் விஷயத்தில் தலையிடவே மாட்டேன் என்று அன்றைக்கு அவள் கையைப் பிடித்துச் சொன்னேன்.

இப்போது அவளுடைய பங்கை நான் எழுத வேண்டும். ஆறு யூனிட் எழுதியிருக்கிறேன். அன்றைய பட்டியலில் அதுதான் அதிகம், ஆனால் மோட்டாருக்கு அது நியாயம். யாரும் கேட்டால் கணக்குக் காட்டுவேன்.

மார்ச் 11, புதன்

ஒத்திகை. பொடி ஒன்றரை மணி நேரம் வாசித்தாள். ஏழு புள்ளி நாலு!

ஆறுக்கு மேல் ஒன்று புள்ளி நாலு அதிகம். நிஜ மேடையாக இருந்தால் கடைசிப் பதினேழு நிமிஷம் கிடையாது. அவளுடைய கடைசிப் பகுதிதான் உயிர், பதினாறு பிரிண்டரும் ஒன்றாகச் சேர்கிற இடம். அதற்கு முன்னாலேயே கரண்ட் போய்விடும். ஜனங்கள் எதிரில், சுவரில் பட்டை காலியாகி.

மீட்டர் கணக்கு எழுதிய தாளை அவளிடம் நீட்டினேன். பார்த்தாள். மடித்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"நான் பார்த்துக்கறேன்க்கா."

எப்படி என்று கேட்க வாய் வந்தது, மென்று முழுங்கினேன்.

மார்ச் 13, வெள்ளி

பார்த்துக்கொள்கிறாளாம். எதைப் பார்ப்பாள்? மோட்டாரை ஊதிவிட்டா ஓட்ட முடியும்?

மார்ச் 14, சனி

சனிக்கிழமைக்காரர்கள் எல்லோருடைய ஒத்திகையும் முடிந்தது. கடைசியில் வருகிறவர் திரைக்காரர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். முன்பு டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தவர். வேண்டாம் என்று எறிந்த எண்பது கம்ப்யூட்டர் திரைகளைத் தரையில் பரப்பி, ஒரு குளம் மாதிரி செய்கிறார். தண்ணீர் ஏறும், வற்றும், ஒரு மீன் ஒரு திரையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். நாற்பது நிமிஷம். இருட்டு வேண்டும் என்பதால் கடைசி இடம். அவருக்கு இரண்டு யூனிட் போட்டிருந்தேன். ஒன்று புள்ளி எட்டில் முடித்துவிட்டார்.

"அதிகமா இழுக்குதாம்மா? எல்லாம் பழசு, நானே ஒட்டுப்போட்டது" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இல்லை சார், நன்றாக இருக்கிறது என்றேன். நிஜமாகவே நன்றாக இருந்தது, நான் மீட்டரை விட்டுவிட்டு மீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 17, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

ஒவ்வொரு கலைஞருக்கும் தனி மீட்டர். ஒயரைச் சுற்றி ஒரு வளையம் மாட்டியிருக்கும், அதில் போகிற கரண்ட்டை அது கணக்கெடுக்கும். என்ன அளவு வளையம் என்று மீட்டருக்கு ஒரு எண்ணில் சொல்ல வேண்டும். நூறு என்றால் நூறு. பொடியின் மீட்டரில் இன்று எண்பது என்று போட்டுவிட்டேன்.

அவ்வளவுதான். விரலால் நாலு தட்டு. இனி அவள் ஏழரை யூனிட் எடுத்தால்தான் சுவரில் ஆறு ஓடியதாகக் காட்டும்.

யாருக்கு நஷ்டம்? ஆறு பேர் பங்கும் சேர்ந்து இருபத்துமூன்று. ஒன்று உபரியாகக் கிடக்கிறது. மிச்சம் அரை யூனிட்டை மற்றவர்கள் எப்படியும் மீதம் வைப்பார்கள், ஒத்திகையில் எல்லோருமே வைத்தார்கள். யார் வாயிலிருந்தும் எதையும் பிடுங்கவில்லை. ஆளில்லாமல் கிடப்பதை எடுத்துக்கொடுக்கிறேன்.

இதைத் தலையிடுவது என்று சொல்ல முடியுமா? முடியும். தெரிந்தேதான் செய்கிறேன். நாலு வருஷம் அம்மா படுக்கையில் கிடந்தபோது இந்தப் பெண்ணை நான்தான் வளர்த்தேன். பரீட்சைக்குக் கிளம்பும்போது பேனாவில் மை இருக்கிறதா என்று பார்த்து அனுப்பின கை இது, சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

மார்ச் 20, வெள்ளி

முதல் நாள். நல்ல வெயில், இருபத்துநாலு சேர்ந்தது. கூட்டம் எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு.

ஆனால் ஒன்று கவனித்தேன். எவரும் ஒரு துளி மீதம் வைக்கவில்லை. ஒத்திகையில் அடக்கமாக முடித்தவர்கள் எல்லாம், பட்டை காலியாகிற கணம்வரை இழுத்தார்கள். கரண்ட் நின்று இருட்டாகும்போதுதான் கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகிறது. அதைப் பார்த்துவிட்டு அடுத்தவர் சும்மா இருப்பாரா? ஆறு பேரும் கடைசிச் சொட்டுவரை குடித்தார்கள். உபரி ஒரு யூனிட்தான் பேட்டரியில் கிடந்தது.

என் கணக்கில் அரை யூனிட் ஓட்டை விழுந்துவிட்டது. நாளை காலை நூறு என்று மாற்றிவிட வேண்டியதுதான்.

மார்ச் 21, சனி. காலை

மாற்றவில்லை. பொடி சீக்கிரமே வந்து மோட்டார்களை மாட்டிக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு, கையில் இரண்டு இடத்தில் பிளாஸ்திரி. சாப்பிட்டாயா என்று கேட்டேன், கேட்டதுகூட அவள் காதில் விழவில்லை. இவளுக்குக் கடைசிப் பதினேழு நிமிஷத்தை எப்படி வெட்டுவேன்?

அரை யூனிட்தானே. திரைக்காரருக்கு இரண்டு போட்டிருக்கிறது, ஒன்று புள்ளி எட்டு போதும் அவருக்கு. மற்றதை எங்காவது பிடித்துவிடலாம். வளாக விளக்குகளை அணைத்தால் ஆயிற்று.

மத்தியானம்

மேகம்.

நாலு மணி

இருபத்துமூன்றுதான் சேர்ந்திருக்கிறது. உபரி போயே போய்விட்டது. பங்குக்கு மட்டும் அளந்து வைத்த மாதிரி இருக்கிறது. மீட்டர் பெட்டியின் சாவி என் கையில். இரண்டு நிமிஷ வேலை. மேடம் வந்து எல்லாம் சரியா என்று கேட்டார்.

சரி மேடம் என்றேன்.

மார்ச் 21, சனி. இரவு, வீட்டில்

முதலிலிருந்து எழுதுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு எனக்கே வேறு மாதிரி சொல்லிக்கொள்வேன்.

பொடி மூன்றாவது. நான் சுவிட்ச் போர்டு பக்கத்தில், மேடைக்கு இடது ஓரம். ஒரு கண் சுவரில், ஒரு கண் பேட்டரி அளவில். நாற்பது நிமிஷம் ஆகியும் பேட்டரி அவ்வளவாக இறங்கவில்லை. என்ன இது, குறைவாக இழுக்கிறாளே? அப்புறம்தான் மோட்டார்களை எண்ணினேன். ஆறு இருந்த இடத்தில் நாலு. இரண்டைக் கழற்றிவிட்டாள். அந்த இடத்தைக் கையால் தட்டி நிரப்பிக்கொண்டிருந்தாள், வெறும் கையால், தகரப் பெட்டியில்.

பதினாறு பிரிண்டரும் சேர்ந்தது. முடித்தாள். பேட்டரியில் நிஜமாகச் செலவானது சரியாக ஆறு. ஒரு நூல் கூடக் கூடவில்லை. பத்து நாளாக இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஆனால் சுவரில் ஓடியது நான் போட்ட எண்பது. பட்டையில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் இருந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். நம்பவில்லை. மறுபடி பார்த்தாள். சின்ன வயசிலிருந்து நான் பார்க்காத ஒரு சிரிப்பு. மைக்கை எடுத்தாள்.

"மிச்சம் இருக்கு. இன்னொண்ணு வாசிக்கவா?"

இடம் அதிர்ந்தது. என் கை சுவிட்சில் இருந்தது, சத்தியமாக இருந்தது. இப்போது அணைத்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பட்டையில் பங்கு இருக்கும்போது கரண்ட் ஏன் போயிற்று என்று கேட்பார்கள். அவள் கேட்பாள். கையை எடுத்துவிட்டேன்.

இருபது நிமிஷம் வாசித்தாள். அவள் வாசித்ததிலேயே அதுதான் நன்றாக இருந்தது என்றார்கள். என் காதில் ஒன்றும் ஏறவில்லை.

அடுத்த இரண்டு பேரும் சொட்டு மிச்சம் வைக்கவில்லை. வளாக விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தேன், அது எந்த மூலைக்கு? திரைக்காரர் வந்தபோது பேட்டரியில் அரை யூனிட். குளம் நிரம்பிக்கொண்டிருந்தது. மீன் இன்னும் வரவேயில்லை. பத்தாவது நிமிஷம் எண்பது திரையும் செத்தது. சுவரும் செத்தது, அணையும்போது அவர் பட்டையில் முக்கால்வாசி அப்படியே இருந்தது.

முதலில் கைதட்டினார்கள், முடிந்துவிட்டது என்று நினைத்து. அப்புறம் சலசலப்பு. டார்ச் வெளிச்சத்தில் அவர் என்னிடம் வந்தார்.

"மன்னிச்சிருங்கம்மா. என் ஒயர் ஏதோ கசிஞ்சு மொத்தத்தையும் இழுத்துருச்சு. உங்க பேட்டரிக்கு ஒண்ணும் ஆகலையே?"

என் முகத்தில் ஈயாடவில்லை. இருட்டு காப்பாற்றியது. பின்னாலேயே மேடம் வந்தார். மேகம்தானே காரணம் என்று அவரே கேட்டார். தலையாட்டினேன்.

வீடு வரும் வழியில் பொடி போன் செய்தாள். ஆறுக்குள் கொண்டுவர எத்தனை தடவை பிரித்துப் போட்டாள் என்று சொல்லிக்கொண்டே போனாள். "அதுக்கும் மேல மிச்சம் வந்துச்சு பாரு, எப்படின்னே தெரியலக்கா" என்றாள். ஆறு வருஷத்தில் அவள் என்னிடம் இவ்வளவு நேரம் பேசியதில்லை. நான் உம் கொட்டினேன்.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையில் இருந்த பல் செட்டைக் கீழே வைத்தார். இதை இப்படியே பூசி மெழுகிவிடலாமா என்று கேட்டேன்.

"மெழுகலாம். ஆனா அந்த ஆள் இனிமே தன் கையை நம்ப மாட்டாரே" என்றார்.

மார்ச் 22, ஞாயிறு

திரைக்காரரின் லாரி ஆறு மணிக்கு என்று காவலாளி சொல்லியிருந்தார். ஐந்தரைக்கே காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவள் மாதிரி ஓடினேன். திரைகள் எல்லாம் சாக்கில் சுற்றி ஏற்றியாயிற்று. அவர் வண்டிப் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கண் இரண்டும் சிவந்து கிடந்தன.

சொன்னேன். வளையம், எண்பது, தங்கை, மேகம் எல்லாம். நடுவில் எங்கேயும் நிறுத்தவில்லை, நிறுத்தினால் அப்புறம் வராது. நேற்று தலையாட்டியதையும் சொன்னேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் டீயைக் கீழே வைத்தார்.

"அப்ப என் ஒயர்ல தப்பு இல்லையே?"

"இல்ல சார்."

"எண்பது இணைப்பையும் பிரிச்சுப் பார்த்தேன்மா. விடியற வரைக்கும். ஒண்ணுலயும் ஒண்ணும் இல்ல. கண்ணுதான் போச்சு, இனிமே இந்த வேலை நமக்கு வேணாம்னு நினைச்சேன்."

இன்று மாலை இருந்து வாசியுங்கள்— வாசிப்பதா, என்ன சொல்வது— காட்டுங்கள், மேடத்திடம் நான் பேசுகிறேன் என்று கெஞ்சினேன். லாரிக்காரர் நிற்க மாட்டார் என்றார். ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். கையசைக்கவில்லை. ஏன் அசைக்க வேண்டும்?

மேடம் கேட்டு முடித்துவிட்டு ஒரு தாளும் பசையும் எடுத்து வரச் சொன்னார். மீட்டர் எண்களை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லி, எல்லாம் நூறு என்று ஆனதும், பெட்டிக் கதவில் தாளை ஒட்டி அதன்மேல் கையெழுத்துப் போட்டார்.

"இன்னிக்கு ஆறு பேர் காத்திருக்காங்க. போர்டுல நில்லுங்க. இந்தப் பெட்டிப் பக்கம் போகாதீங்க. அடுத்த வருஷம் உங்களைக் கூப்பிட மாட்டேன், அதையும் இப்பவே சொல்லிடறேன்."

திட்டியிருந்தால் தேவலை.

பொடியிடம் கடைசியாகச் சொன்னேன். கடைசியாகச் சொன்னதும் தப்பு. அவள் மோட்டாரைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். கேட்டாள். மோட்டாரை வைத்தாள், மூடினாள்.

"ஒரு தடவையாவது என்னை விழ விட்டிருக்கியாக்கா?"

"விழுந்தா அடிபடுமே" என்றேன். எவ்வளவு முட்டாள்தனமான பதில். ஆனால் அதுதான் வந்தது.

"நான் விழவே இல்லையே. ஆறுல முடிச்சேனே. அது உனக்குத் தெரியவே இல்லையே."

அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். அதையும் அவள் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதாகிவிட்டது.

மாலை முதல் நிகழ்ச்சிக்கு முன்னால் மேடம் அவளை மேடைக்கு விட்டார். அவளே கேட்டாளாம்.

"நேத்து நான் ரெண்டாவதா வாசிச்சது என் பங்கு இல்ல. கடைசியா வந்தவரோடது. எனக்குத் தெரியாம நடந்தது. இருந்தாலும் வாசிச்சது நான்தான். நேத்து யாராவது அதுக்குக் கைதட்டியிருந்தா, திருப்பி எடுத்துக்கங்க."

யாரும் தட்டவில்லை. அக்கா என்ற வார்த்தை அவள் வாயில் வரவேயில்லை. போர்டு பக்கத்தில் நின்றிருந்த என்னை இருநூறு பேரில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் இறங்கிப் போனாள்.

ஏப்ரல் 9, வியாழன்

திரைக்காரருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. நாலாவது தடவை.

ஏப்ரல் 26, ஞாயிறு

பொடியின் பிறந்தநாள். வாசல்வரை போனேன், மணி அடிக்காமல் திரும்பிவிட்டேன். தெருமுனைக் கடையில் அவள் வீட்டுக்கு வாரத்துக்கு எவ்வளவு பால் போகிறது என்று விசாரித்தேன். கேட்டு முடித்த பிறகுதான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. இந்த மூக்கை வெட்டி எறிந்தால்கூட இது அடங்காது போல.

ஜூன் 14, ஞாயிறு

கல்லூரி ஒன்றில் சோலார் மாட்டுகிற வேலை. பெரிய வளையம், நூறு. எண்ணைப் போட்டுவிட்டு மூன்று தடவை சரிபார்த்தேன். கூட இருந்தவர் என்ன மேடம் இவ்வளவு சந்தேகம் என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

பொடியிடமிருந்து செய்தி. ஐந்து மாதத்துக்கு அப்புறம். 'செப்டம்பர் 12, மாலை ஐந்து, நூலகக் கூடம். கேட்க வா. எதையும் தொடாதே. யாரையும் கூட்டி வராதே.'

என்னைக்கூடவா கூட்டிப் போகக் கூடாது என்று வீட்டுக்காரர் கேட்டார். கூடாது என்றேன்.

செப்டம்பர் 12, சனி

மொத்தம் பதினெட்டுப் பேர். நாற்காலி ஐம்பது போட்டிருந்தார்கள். நான் மூன்றாவது வரிசை ஓரம். வெறும் கையோடு போயிருந்தேன், டெஸ்டர்கூட எடுக்கவில்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

சோலார் தகடு இரண்டு, சின்ன பேட்டரி ஒன்று, மோட்டார் இரண்டே இரண்டு. பிரிண்டர் பதினாறும் இருந்தன. அரை மணி நேரம் கேட்டேன். இத்தனை வருஷத்தில் மீட்டர், கூட்டம், ஒயர் எதையும் பார்க்காமல் அவள் வாசிப்பதைக் கேட்டது இதுதான் முதல் தடவை. காகிதம் நகர்கிற சத்தத்தில் ஒரு தாளம் வைத்திருக்கிறாள். நன்றாக வாசிக்கிறாள். எனக்கு அது தெரியாது.

அப்புறம் நாலாவது பிரிண்டர் நின்றுவிட்டது.

பெல்ட் நழுவிவிட்டது. சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். மேல்மூடியைத் திறந்து ஒரு விரலால் தள்ளினால் போதும். அவள் இரண்டு கையும் வேறு வேலையில் இருந்தன. பாட்டில் அந்த இடம் மட்டும் பல் விழுந்த மாதிரி ஓட்டையாக வந்தது. முன்வரிசையில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் மூன்று பேர் எழுந்து போனார்கள். நாற்காலி இழுபடுகிற சத்தம் எனக்கு முதுகில் அடித்த மாதிரி இருந்தது. நான் போகிற தூரம் எட்டு அடி.

அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நேராக.

நான் எழுந்திருக்கவில்லை.

அவள் குனிந்துகொண்டாள். அந்த ஓட்டையோடே கடைசிவரை வாசித்தாள். முடிந்ததும் பதினைந்து பேரில் பாதிப் பேர் தட்டினார்கள், நானும் தட்டினேன், மற்றவர்களைவிடச் சத்தமாக இல்லாமல்.

எல்லோரும் போன பிறகு பிரிண்டர் மூடியைத் திறந்து பார்த்தாள்.

"பெல்ட்டுதானே?" என்றாள்.

"ஆமா."

"எனக்கும் தெரிஞ்சுது."

பெட்டிகளை ஒவ்வொன்றாக அவளே வண்டிக்கு எடுத்துப் போனாள். நான் சுவரோரம் நின்றிருந்தேன். ஆறாவது நடையோ ஏழாவதோ, திரும்பி வந்து ஒரு பெட்டியைத் தூக்கி என் கையில் கொடுத்தாள்.